கீழிருந்து மூன்றாவது எலும்பு

தொடைக்கும் இடுப்புக்கும் நடுவே கத்தி முனையை இறக்கி, எலும்பில் ஒருமுறைகூட உரசாமல் மூட்டைத் திறந்துவிட்டார் கசாப்புக்காரர். நாற்பது வருடப் பழக்கம். எந்த உடம்பும் தான் எங்கே பிரியும் என்பதைத் தானாகவே சொல்லிவிடும், பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்பார். அந்தக் கண்ணை நம்பித்தான் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. மேல் பாதியில் அன்றைய கறி விவரம். கீழ்ப் பாதியில், வாரக் கடைசியில் கம்பிக்கூண்டுக்குள் நடக்கப்போகும் சண்டைகளின் முடிவு: யார் ஜெயிப்பார், எந்தச் சுற்றில், உடம்பில் எங்கே அடி விழுந்து, என்ன காரணத்தால். காரணம் எழுதாமல் ஒரு வரி எழுதமாட்டார். பந்தயம் கட்டுகிறவனைப் படியேற விடமாட்டார். ஆறு வருடத்தில் அவர் சொன்னது மூன்று முறைதான் தப்பியது. மூன்று முறையும் திங்கட்கிழமை காலையில் அதே பலகையில் ‘தப்பிவிட்டது’ என்று எழுதி, ஏன் தப்பியது என்றும் எழுதினார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைத் தராசைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. பலகையைப் பற்றியும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

அந்த வியாழக்கிழமை பலகையின் கீழ்ப் பாதி காலியாக இருந்தது. எதிர்வரிசையில் சலூன் வைத்திருக்கும் முடிதிருத்துபவர் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“என்ன, இந்த வாரம் ஒண்ணையும் காணோம். ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணு இறங்குதில்ல? கண்ணு கொஞ்சம் மங்கிடுச்சோ?”

“இன்னும் மணி பத்து ஆகல.”

“எழுதுங்க, எழுதுங்க. பெத்த பொண்ணு ஜெயிக்கும்னு எழுதினா யார் கேக்கப்போறா? நாங்களும் படிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறோம்.”

கறிக்கு நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றுமில்லை. ஆனால் கசாப்புக்காரருக்கு அது முதுகெலும்பில் ஊசி இறங்கியதுபோல இருந்தது. கையைக் கழுவினார். துடைத்தார். சாக்பீசை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மகளை எதிர்த்து இறங்குகிறவளை எல்லோரும் நெட்டச்சி என்பார்கள். கை நீளம், கால் அதைவிட நீளம். அவர் எழுதினார்: ‘நெட்டச்சி ஜெயிப்பாள். மூன்றாவது சுற்று. இடது விலா, கீழிருந்து மூன்றாவது எலும்பு. காரணம்: வலது கையை வீசும்போது என் மகளின் இடது முழங்கை விலகிவிடுகிறது. அந்த எலும்பு முன்பே அடிபட்டது.’

அத்தனையும் உண்மை. இரண்டு மாதத்துக்கு முன் கடைக் குளிர் அறையில் கொக்கியிலிருந்து உரித்த ஒரு முழு உடல் நழுவி அவள் மேல் விழுந்ததை வீட்டில் மூன்று பேர் மட்டுமே அறிவார்கள். முடிதிருத்துபவர் சிரிப்பை நிறுத்தி, கைப்பேசியை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தார். மதியத்துக்குள் அந்தப் படம் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் அவர் மனைவி தட்டை வைத்தாள், சோற்றுக் கரண்டியை எடுக்கவில்லை.

“வீட்டுக்குள்ள இருந்த விஷயம் அது. டாக்டர்கிட்டகூட சொல்லாம வச்சிருந்தோம். அதைப் போய் வாசல்ல மாட்டியிருக்கீங்க.”

“பொய் எழுதச் சொல்றியா?”

“ஒண்ணும் எழுதாம இருந்திருக்கலாம்ல?”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. இந்தக் குடும்பம் பயந்து வாயை மூடியதில்லை என்ற பதில். சொல்ல வாயெடுத்தபோது மகள் வாசலில் நின்றாள். தோளில் பயிற்சிப் பை, முழங்காலில் புதிதாக உரிந்த தோல். பலகையைப் படித்துவிட்டுத்தான் வருகிறாள் என்பது அவள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.

“அழிச்சிடவா?” என்றார். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கேட்டவரில்லை.

“வேணாம். மூணு சுற்றும் நான் நிப்பேன். திங்கக்கிழமை காலைல தப்பிடுச்சுன்னு நீங்க எழுதணும். அதை நான் பக்கத்துல நின்னு பாக்கணும்.” பையை இறக்கி வைத்தாள். “துண்டு உங்க கையில இருக்கட்டும் அப்பா. பயிற்சியாளர்கிட்ட சொல்லிட்டேன். மூணாவது சுற்று முடியறதுக்கு முன்னாடி அது உள்ள விழுந்துச்சுன்னா நான் இந்த வீட்டுப் பொண்ணு இல்ல.”

தோற்றதாக ஒப்புக்கொண்டு மூலையிலிருந்து எறியும் வெள்ளைத் துண்டு அது. இந்தப் பிடிவாதம் யார் வீட்டுச் சொத்து என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஒரு பெருமை எழுந்தது. அதை நினைத்துப் பின்னால் வெகுநாள் கூசினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தகரக் கூரை அரங்கில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். முதல் மணி அடித்த அரை நிமிடத்தில் மகளின் வலது கை நெட்டச்சியின் மூக்கை உடைத்தது. குருத்தெலும்பு ஒரு பக்கமாக ஒதுங்கி, ரத்தம் வாயை மூடிக்கொண்டு இறங்கியது. நெட்டச்சி அதைத் துப்பிவிட்டு, மூக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மகளின் இடது பக்கம் சுற்றி வந்தாள். காலை வீசினாள். விலாவில் விழுந்தது. மறுபடி விலா. மகள் அவள் முகத்தில் குத்தினாள், பதிலுக்கு விலா. மகளின் முழங்கால் அவள் தொடையில் இறங்கியது, பதிலுக்கு விலா.

கசாப்புக்காரர் நெட்டச்சியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாகக் கத்தி பிடிக்கிறவன் மூட்டைத் தேடுவான். இங்கே குத்தி, அங்கே குத்தி, எலும்பில் இடித்து, கடைசியில் கண்டுபிடிப்பான். நெட்டச்சியின் கால் ஒருமுறைகூடத் தேடவில்லை. எதிர் மூலையிலிருந்து அவளுடைய பயிற்சியாளன் கத்தினான்: “மேல வேணாம். கீழ இருந்து மூணாவது. மூணாவது.”

அவர் எழுதிய சொல். அவர் கையெழுத்தையே யாரோ வாய்விட்டுப் படித்ததுபோல இருந்தது. அந்த ஆயிரம் பேருக்கு நடுவே அவர் மட்டும் அம்மணமாக நிற்பதாக உணர்ந்தார்.

இரண்டாவது சுற்றின் நடுவில் மகள் வலது கையை வீசினாள். இடது முழங்கை கோழி இறக்கைபோல விலகியது. நெட்டச்சியின் கால் உள்ளே போனது. அரங்கு போட்ட கூச்சலில் வேறு யாருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்காது, அவருக்குக் கேட்டது. காய்ந்த எலும்பு ‘டக்’கென்று முறியும். உயிருள்ள எலும்பு ஈரமாக, மெதுவாக முறியும். மகள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். நெட்டச்சி மேலே ஏறினாள். முழங்காலை அந்த இடத்திலேயே இறக்கினாள். முழங்கையால் புருவத்தைக் கிழித்தாள். மகளின் கண் சிவப்பாகி மூடியது. அவள் இன்னும் கைகளை முகத்துக்குக் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தாள், அதனால் நடுவர் நிறுத்தவில்லை.

“துண்டு, பெரியவரே,” என்றார் மகளின் பயிற்சியாளர்.

மகள் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் மூலையைப் பார்த்தாள். இல்லை என்று தலையை அசைத்தாள். ஒரு சின்ன அசைவு. சுற்று முடிய இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது.

அவர் காத்திருந்தார். மகள் சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முழங்கால் ஒருமுறை இறங்கியது. மூன்றாவது சுற்று என்று எழுதியாயிற்று, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று உள்ளே ஏதோ ஒன்று நிதானமாகச் சொன்னது. முழங்கால் இன்னொருமுறை இறங்கியது. அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குப் புரிந்தது. துண்டை எறிந்தார்.

அது கூண்டின் மேல் விளிம்பைத் தாண்டவில்லை. கம்பியில் மாட்டிக்கொண்டு கொடியில் போட்ட துணிபோலத் தொங்கியது. நடுவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியிருந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

யாருக்கும் குனியாத மனிதர், கதவருகே நின்ற ஆளைத் தோளால் இடித்துத் தள்ளி, தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து, செருப்புக் காலோடு கூண்டுக்குள் ஓடினார். ரத்தத்தில் வழுக்கினார். விழுந்த இடத்திலிருந்தே தவழ்ந்துபோய் மகளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். நெட்டச்சியின் கை ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தது. அது அவர் காதின் மேல் வந்து விழுந்தது. கூரை ஒருமுறை கீழே வந்து மேலே போனது.

“பாயக் கொண்டாங்கப்பா, பெரியவர் படுத்துட்டாரு,” என்று ஒரு குரல். அரங்கு முழுக்கச் சிரிப்பு. நடுவர் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார். வெளியாள் உள்ளே வந்ததால் மகள் தகுதி நீக்கம் என்று ஒலிபெருக்கி சொன்னது. அப்படி ஒரு முடிவு எந்த வாரமும் அந்தப் பலகையில் ஏறியதில்லை.

அவருக்கு அடியிலிருந்து மகளின் மூச்சு விசில்போல வந்தது. “எந்திரிங்க அப்பா,” என்றாள். “எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

திங்கட்கிழமை காலை ஒரு காது கேட்காமல் கடையைத் திறந்தார். முடிதிருத்துபவர் வாசலில் நின்றிருந்தார். கசாப்புக்காரர் சாக்பீசை எடுத்து ‘தப்பிவிட்டது’ என்று எழுதினார். ‘காரணம்’ என்று எழுதி, இரட்டைப் புள்ளியும் வைத்தார். அதற்குமேல் கை ஓடவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். டாக்டர் படுக்கச் சொன்னதைக் காதில் வாங்காமல் மகள் வந்திருந்தாள். புருவத்தில் ஒன்பது தையல், மார்பைச் சுற்றி இறுக்கிய கட்டு. சொன்னபடியே அவர் பக்கத்தில் வந்து நின்று பலகையைப் படித்தாள்.

“நீங்க எழுதினது தப்புன்னு நான்தான் காட்டியிருக்கணும்,” என்றாள். “அதையும் நீங்களே காட்டிட்டீங்க.”

“நெட்டச்சி மறுபடியும் சண்டைக்குக் கூப்பிட்டிருக்காளாமே?” என்றார் முடிதிருத்துபவர், மெல்ல.

“வரச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

“விலா… இல்ல, தொடையே குடும்மா. ஒரு கிலோ.”

அவள் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் போய் வெட்டுக்கத்தியை எடுத்தாள். கசாப்புக்காரர் சாக்பீசோடு அப்படியே நின்று பார்த்தார். வலது கை தலைக்கு மேலே உயர்ந்து முழு வேகத்தில் இறங்கியது. எலும்பு ஒரே வெட்டில் இரண்டானது. மறுபடி உயர்ந்தது, மறுபடி இறங்கியது. இடது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. ஒரு நூல்கூட விலகவில்லை.