அஞ்சு மணிக்கு முன்னாடி கதவு திறக்காது

எலுனெட் பியூவின் விடுதியில் ஒரே ஒரு சட்டம்தான். காலைச் சாப்பாடு முடிந்ததும் தங்க வந்தவர்கள் வெளியே போய்விட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் கதவு திறக்காது. மழை பெய்தால்? வேல்ஸ் கடற்கரையில், அபெரிஸ்ட்வித் மாதிரி ஊரில் மழையைப் பார்த்தால் ஆகுமா!

"கடலைப் பாக்கத்தானே வந்தீங்க? கெளம்புங்க, கெளம்புங்க!" என்று விரட்டுவாள். மாமியார் காலத்திலிருந்தே அந்த வீட்டில் அதுதான் வழக்கம். பாவம், கடற்கரை நிழற்குடையில் ஒண்டிக்கொண்டு, பொட்டலத்து மீன் வறுவலைத் தின்றபடி அவளைக் கரித்துக் கொட்டியவர்கள் எத்தனையோ பேர். அடுத்த கோடையில் அதே ஆட்கள் பெட்டியோடு வந்து நிற்பார்கள். இந்த வேடிக்கையை எங்கே போய்ச் சொல்ல!

இந்தக் குளிர்காலத்தில் கடல் பொல்லாத ஆட்டம் ஆடிவிட்டது. நடைபாதையைப் பெயர்த்துப் போட்டு, அவள் ஜன்னலை உடைத்து, கரையிலிருந்த கூழாங்கல்லையெல்லாம் சாப்பாட்டு அறையில் முழங்கால் உயரத்துக்குக் கொட்டிவிட்டுப் போனது. அக்கம்பக்கத்திலும் இதே கதி, யாரைக் கூப்பிட? ஆட்கள் வரத் தொடங்கும் ஈஸ்டருக்குள் விடுதியைத் திறக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு கார்டிஃபில் மகளோடு போய் இருக்க வேண்டியதுதான். புருஷன் போன பிறகு அந்த வீடுதான் அவளுக்கு எல்லாம்.

அவள் தனியாக வாளியில் கல் அள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. பர்மிங்காமிலிருந்து வருஷம் தவறாமல் வரும் டோரீன், அவள் புருஷன் ஹொரேஸ், பின்னால் இன்னும் சிலர். எல்லாரும் அவள் மழையில் விரட்டிய ஆட்கள். எல்லார் கையிலும் மண்வாரி.

"ரூம் எதுவும் இல்லையே, டோரீன்."

"ரூம் யாரு கேட்டா? காலையில சாப்டாச்சா?"

"ஆச்சு."

"அப்போ கெளம்புங்க."

"எங்க?"

"வெளியேதான்! அஞ்சு மணிக்கு முன்னாடி இந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது."

"ஐயோ, மழை பெய்யுதே!"

"இத்தனை வருஷமா நாங்க நனையலையா?" ஹொரேஸ் வாளியைப் பிடுங்கிக்கொண்டார். "கடல் காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு நீங்கதானே சொல்வீங்க, பியூ அம்மா!"

படாரென்று கதவு சாத்திக்கொண்டது.

எலுனெட் கடற்கரையோரம் நடந்தாள். நடைபாதை முடியும் வடகோடியில், மலையடிவாரத்துக் கைப்பிடிக் கம்பியை எட்டி உதைத்தாள். ஊர்க்காரர்கள் எல்லாரும் உதைப்பார்கள், ஏனென்று கேட்டால் எவருக்கும் தெரியாது. நிழற்குடையில் ஒண்டி மீன் வறுவல் தின்றாள். அப்பா, என்ன குளிர்! பொறுக்கமாட்டாமல் சீக்கிரமே வந்து கதவைத் தட்டினாள்.

"இன்னும் அஞ்சு ஆகலை!" என்று உள்ளிருந்து ஏழெட்டுக் குரல்கள் கத்தின.

ஐந்துக்குக் கதவு திறந்தபோது அறையில் ஒரு கல்கூட இல்லை. கழுவிவிட்ட தரையில் மேஜை போட்டு டீ வைத்திருந்தார்கள். "உங்களுக்கெல்லாம் நான் என்ன செஞ்சுட்டேன்னு..." என்று அழுதுவிட்டாள்.

"மொதல்ல கால நல்லாத் தொடச்சுக்கிட்டு உள்ள வாங்க," என்றாள் டோரீன்.

ஈஸ்டருக்கு விடுதி திறந்துவிட்டது. அன்றைக்கு நல்ல மழை. காலைச் சாப்பாடு முடிந்தது, எலுனெட்டுக்கு விரட்ட வாய் வரவில்லை. "இன்னிக்கு எல்லாரும் உள்ளயே இருங்களேன்," என்றாள்.

டோரீன் ஏற்கெனவே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கே! அப்புறம் ஊருக்குப் போயி நாங்க எதைச் சொல்லிப் பொலம்புறது? சத்தமா வெரட்டுங்கம்மா."

எலுனெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"கெளம்புங்க!"