தொட்டிலுக்கு முளைத்த மேல்பல்

யுவ வருடம் தை மாதம், பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள், நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே மருதாசலத்தின் தோட்டத்து வீட்டில் தொட்டிலுக்கு முதல் பல் முளைத்தது. மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்ததால் நின்று வியக்க யாருக்கும் நேரமில்லை. மருதாசலத்தின் மனைவி பொன்னாத்தாள் ஈரத்துணியால் மேல் சட்டத்தைத் துடைத்தபோது விரலில் நறுக்கென்று பட்டது. ஆணி துருத்திக்கொண்டது என்று நினைத்து ஆளனுப்பினாள். சண்முகவேல் ஆசாரி வந்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, சுத்தியலைக் கீழே வைத்தார். "ஆணி இல்லீங்க, பால்பல்லுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

முதலில் கடித்தது தொட்டில் அல்ல, அதில் கிடந்த காளியாத்தாள்தான். வயது பதினாலு மாதம்; பெயர்தான் பெரிது, ஆள் உரல் உயரம்கூட இல்லை. பொன்னாத்தாளின் அண்ணன் சின்னண்ணன், திருச்செங்கோட்டில் சொல்லிச் செய்து, தாய்மாமன் சீராக வண்டியில் ஏற்றிவந்த பூவரசந் தொட்டில் அது. நாலு பக்கமும் சட்டம் வைத்துக் குச்சி கோத்தது. எழுந்து நிற்கத் தெரிந்த நாள் முதல் அதன் மேல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொறித்தாள். பொன்னாத்தாள் வேப்பெண்ணெய் தடவினாள். பெண் அதை நக்கிவிட்டு இன்னும் கேட்டது. வசம்பை உரைத்துப் பூசினாள். பிறந்ததிலிருந்து நாக்கில் வைத்துப் பழகிய சரக்கு, சுகமாக இறங்கியது. பழஞ்சேலையைச் சுற்றிவைத்தாள், நாலே நாளில் முந்தானை வரை தின்றாகிவிட்டது. கையில் பனங்கிழங்கு கொடுத்தால் கிழங்கு ஒரு வாய், சட்டம் ஒரு வாய் என்று சோறும் ஊறுகாயும் போலத் தின்றாள். "கரையான் தின்னா மட்டும் சும்மா உட்டர்றோம், நம்ம புள்ள தின்னுட்டுப் போகுது" என்றான் மருதாசலம். மரமும் எத்தனை நாளைக்குத்தான் கடி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கும்.

பல் முளைத்ததில் யாருக்கும் குறையில்லை. முளைத்த இடத்தில்தான் வினை. மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காளியாத்தாளுக்கு ஒழுங்காகக் கீழ்ப்பல்தான் முதலில் வந்தது. தொட்டிலுக்கு மேல் சட்டத்தில் வந்துவிட்டது. அப்படியானால் தொட்டிலுக்குத் தாய்மாமன் யார்? மஞ்சள் வேகவைக்கிற கொப்பரையைச் சுற்றி மூன்று நாள் இதே பேச்சு. சங்கிலி அடித்த கொல்லர் என்றார்கள், மரம் நின்ற காட்டுக்காரர் என்றார்கள், கடைசியில் சீராகக் கொண்டுவந்தவனே மாமன் என்று முடிவாயிற்று.

மாசி பத்தாம் தேதி காளியாத்தாளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சுக்காக வண்டி கட்டி வந்த சின்னண்ணன் ஊர் எல்லைப் புளியமரத்தடியில் சேதியைக் கேட்டான், அங்கேயே வண்டியைத் திருப்பினான். "அந்தத் தொட்டல ஒடச்சு அடுப்புல வெச்சாத்தான் வாரேன், இல்லீன்னா அந்த ஊட்டுல காலு வெக்க மாட்டேன்னு சொல்லீருங்க" என்று சொல்லியனுப்பினான். மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எப்படி? பொன்னாத்தாளுக்குத் தாயும் தகப்பனும் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அந்த ஒரே அண்ணன்தான். அவன் முகம் திருப்பிப் போனது அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மருதாசலம் கோடாலியோடு வந்தான். தொட்டில் சங்கிலி விம்மியது. காளியாத்தாள் சட்டத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வெய்யுங்க அத" என்றாள் பொன்னாத்தாள். "பல்லு மொளச்சதப் போயி ஆராச்சும் வெட்டுவாங்களா?"

அன்று மதியம் தரையில் விளையாடிக்கொண்டிருந்த காளியாத்தாள், தலையைத் தரையில் ஊன்றிக் கால் சந்து வழியாகத் தொட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை அப்படிப் பார்த்தால் வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி, வரும் என்பார்கள். எந்த ஒறம்பரை வரப்போகிறது என்று எரிச்சலோடு பொன்னாத்தாளும் குனிந்து தன் கால் சந்து வழியாகப் பார்த்தாள். மேல் சட்டம் கீழே இருந்தது, கீழ்ச் சட்டம் மேலே இருந்தது. குனிந்தபடியே ஆசாரியைக் கூப்பிட்டனுப்பினாள்.

சண்முகவேல் ஆசாரி அடிப்பலகையைக் கழற்றி, தொட்டிலைத் தலைகீழாகப் புரட்டி, பல் இருந்த சட்டத்தோடு பலகையைச் சேர்த்து அடித்து, சங்கிலியை மாற்றி மாட்டினார். முளைத்தது கீழ்ப்பல்தான் என்று ஊர் ஒப்புக்கொண்டது. பல் கொழுக்கட்டை செய்து தொட்டிலின் மேல் கொட்டினார்கள். சிந்தியதைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்றன. மாசி பத்தாம் தேதி சின்னண்ணன் வந்தான், மண்டியிட்டு இரண்டு தடவை பல்லைப் பார்த்தான், பிறகு மருமகளை மடியில் வைத்துக்கொண்டான். பொன்னாத்தாள் அன்று மூன்று ஆள் சோறு தின்றாள்.

பங்குனியில் புது மேல் சட்டத்திலும் வரிசையாகப் பல் வந்தது. காளியாத்தாள் பழக்கத்தில் ஒரு கடி கடித்தாள். தொட்டிலும் ஒரு கடி கடித்தது. அவள் கையைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள், அன்றோடு விட்டுவிட்டாள். தொட்டில் விடவில்லை. மருதாசலத்தின் துண்டு, தலையணை உறை, கைக்கெட்டியது எல்லாம் அதற்கு ஆயிற்று. அதற்கப்புறம் பொன்னாத்தாள் வேப்பெண்ணெயைத் தொட்டிலுக்குத் தடவுவதை விட்டுவிட்டுப் பிள்ளைக்குத் தடவினாள். தொட்டிலுக்கு அது பிடிக்கவில்லை, காரியம் முடிந்தது. அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு பையன்களும் வேப்பெண்ணெய் வாசத்தோடே அதில் வளர்ந்தார்கள்.

விஷு வருடம் ஆடியில் காளியாத்தாளுக்கும் தொட்டிலுக்கும் ஒரே நாளில் பால்பல் விழுந்தது. பொன்னாத்தாள் இரண்டையும் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தாள். ஆடி நோம்பிக்கு, மருமகளுக்குப் பாவாடையும் தொட்டிலுக்குக் கடிக்க ஒரு துண்டுமாகச் சின்னண்ணன் வந்தான். சேதி கேட்டதும் புளியமரத்தடியிலேயே வண்டியை நிறுத்தி, அங்கிருந்தபடி குரல் கொடுத்தான்.

"ஏம் பொன்னா, மறுபடி மொளைக்கறது மேலயா, கீழயா?"

பொன்னாத்தாள் உள்ளே போய் மகளின் வாயையும் தொட்டிலையும் தடவிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ரண்டுக்கும் கீழதானுங்ணா, எறங்கி வாங்க" என்றாள்.