நடப்பவர்களுக்கு மட்டும் நீண்ட சாலை

நெய்வேலியில் தைலமரக் காலனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருக்கிற சாலை, போன மழைக்காலத்திலிருந்து நடந்து போகிறவர்களுக்கு மட்டும் நீண்டுவிட்டது. காரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிடும். பைக்கில் சற்றுக் கூடுதல். மினிபஸ் நின்று நின்று போனாலும் இரண்டு மூன்று பாட்டுதான். நடந்தவர்கள் சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டு மறுநாள் வெயிலில்தான் போய்ச் சேர்ந்தார்கள். சாலையை அளக்க வந்தவர்கள் ஜீப்பில் வந்ததால் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ரேஷன் கடையும் அதே போலத் தள்ளிப்போனது. காய்ச்சலோடு புறப்பட்டவர்கள் வழியிலேயே குணமாகித் திரும்பியதுண்டு. திரும்பாமலே போனவர்களும் உண்டு.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஜாஸ்பரின் மனைவி சோபியாவுக்கு அப்போது நிறைமாதம். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. காலனிக்குள் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய் யாருடையது என்று பார்த்தாள். ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தபோது ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. காலனியின் ஒரே ஆட்டோ பள்ளிக்கூடச் சவாரியில் இருந்தது. ஜாஸ்பர் வீட்டிலிருந்த மர நாற்காலியில் அவளை உட்காரவைத்தான். நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்த பக்கத்து வீட்டுக் கொளஞ்சிநாதன் மறுபுறம் பிடித்தார். அவர் மனைவி கஸ்தூரியம்மாள், “அழுவாத புள்ள, கெட்டியா புடிச்சிகினு குந்து” என்று சொல்லிப் புடவைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காலனி வளைவைத் தாண்டியதும் கனம் போய்விட்டது. இருவர் கையிலும் ஒன்றுமில்லை; நாற்காலியோடு சோபியாவையும் காணோம். ஜாஸ்பர் சாலையோரப் பள்ளங்களில் இறங்கித் தேடினான். “எங்கண்ணே போயிட்டா?” என்று கத்தினான். கொளஞ்சிநாதன் உள்ளங்கையில் நாற்காலி பதித்த தடத்தைப் பார்த்தார். “நாமதான் நடக்கிறோம், தம்பி. அந்தப் புள்ள குந்திகினுதான வந்துச்சு. போய்ச் சேந்திருக்கும். நட” என்றார். அந்தச் சாலை நாற்காலியையும் வண்டியாக எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவள் உயிரோடு சேர்ந்தாளா என்பதைச் சாலையிடம் கேட்க முடியாது. பஸ்கள் கடந்து போயின. கை காட்டியும் நிற்கவில்லை. கால் வீங்க வீங்க நடந்தார்கள்.

மறுநாள் மதியம் வார்டுக்குள் நுழைந்தபோது சோபியா பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்பரைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “கூட யாரு வந்திருக்காங்கன்னு வாசல்ல நர்ஸுங்க கேட்டாங்க. வந்துட்டு இருக்காங்கன்னு சொன்னேன். எவ்ளோ பயந்தேன் தெரியுமாங்க?” ஜாஸ்பர் புழுதிக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கினான்.

இப்போது தைலமரக் காலனியில் நோயாளிகள் நாற்காலியில் முன்னே போய்விடுகிறார்கள். சொந்தக்காரர்கள் பின்னால் நடந்து வருகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. நர்ஸ்கள் ஒரு கையால் நாடி பார்த்துக்கொண்டே, பிடித்துக்கொள்ள மறு கையைக் கொடுத்துவிடுகிறார்கள்.