விழித்திருக்கும் பக்கம்

என் நாத்தனாரை நான் ஒருநாளும் நாத்தனாராக நடத்தியதில்லை. வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமனார் மாமியார் போன பிறகு, நர்ஸ் படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்வரை எங்களோடுதான் இருந்தாள். நானும் அவளும் சேர்ந்து கிண்டல் செய்ய ஆரம்பித்தால் என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். "இதுங்க ரெண்டும் சேந்துட்டா எனக்கு வீட்ல இடமில்ல" என்பார்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். வேன் நிறையப் பிள்ளைகளைக் கத்தி அடக்கி அடக்கி, மெதுவாகப் பேசினாலே சண்டை போடுவது போலிருக்கும் எனக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நான் கத்தியதைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எதற்காகக் கத்தினேன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

வாலுவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. அங்கே நடக்கும் ஆராய்ச்சிக்கு அவள்தான் நர்ஸ். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் அதை விளக்கினாள். மூச்சுவிடும் மெஷினில் இருப்பவர்களை வழக்கமாக மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களாம். தூங்க வைக்காமல், தொண்டையில் குழாயோடு விழித்தே இருக்க விட்டால் சீக்கிரம் தேறுவார்களா என்று பார்க்கிறார்களாம். யார் தூங்கும் பக்கம், யார் விழித்திருக்கும் பக்கம் என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சொல்லுமாம்.

"தொண்டையில குழாயோட முழிச்சுக் கெடக்கணுமா? மொதல்ல அந்தக் கம்ப்யூட்டரப் படுக்க வச்சுப் பாக்கச் சொல்லுடி" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. நான்தான் தலையைத் தட்டிவிட்டேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் பையன் பிறப்பதற்கு முன்பு ஒருமுறை, லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே கை மாட்டிக்கொண்டு அசைய முடியாமல் பாதி நாள் நின்றிருந்தார். கை பிழைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டதே இல்லை. தூக்கத்தில் என் கை அவர் மேல் பட்டால்கூடத் தட்டிவிடுவார். இதெல்லாம் வாலுவுக்கும் தெரியும். அன்றைக்கு அண்ணனைத் தேடி அழுதுகொண்டே ஓடியவளே அவள்தான்.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, இரண்டு நுரையீரலும் படுத்துவிட்டது. குழாய் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடியோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போடட்டும். ஆனா எனக்குத் தெரியக்கூடாது. குழாயை எடுக்குற வரைக்கும் தூங்க வைக்கச் சொல்லு. கையக் கட்டிட்டாங்கன்னா நான் அங்கயே போயிடுவேன். நீ சொல்லிடு அவங்ககிட்ட."

"சொல்றேங்க. என் உயிர் மேல சத்தியம்" என்றேன்.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். வாலுவிடமும் சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணி, அண்ணனையும் அந்த ஆராய்ச்சியில சேத்தா என்ன? முழிச்சிருந்தவங்க நடந்தே வீட்டுக்குப் போனத நான் கண்ணால பாத்திருக்கேன்."

"உங்க அண்ணன் என்ன சொல்லிட்டுப் படுத்தார்னு தெரியும்ல? வேணாம். இந்தப் பேச்சே வேணாம்."

"சரி சரி, விடுங்க. நான் இருக்கேன்ல? நீங்க போய்த் தூங்குங்க" என்றாள்.

நான் இருக்கேன்ல! அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் காலையில் வேனை எடுத்தேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வருவேன். அவர் கண்மூடிக் கிடப்பார். கால்மாட்டில் நின்று, பையன் கணக்கில் வாங்கிய மார்க்கு முதல் மாடிவீட்டுக்காரர் சண்டை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருவேன். பிறகு ஒருநாள் வாலு போன் செய்தாள். "அண்ணி, இப்ப யாரையும் உள்ள விடல. பக்கத்து பெட்ல ஏதோ தொத்து. நானே பாத்துச் சொல்றேன்." மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலிலாவது நின்றுவிட்டு வருவோம் என்று போனேன். காவலாளி ஒன்றுமே சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார். என்னைத் தவிர எல்லோரும் உள்ளே போய்வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அவர் விழித்திருந்தார். வாயில் குழாய். இரண்டு கைகளிலும் தலையணை மாதிரி தடித்த துணியுறை. அதைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. "என்னங்க" என்றேன். என்னைப் பார்த்தார். நன்றாக அடையாளம் தெரிந்துதான் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்து கத்தினேன். ஆமாம், கத்தினேன்தான். பெரிய டாக்டர் ஓடி வந்தார். நல்ல மனிதர். அவர் முகத்தில் நிஜமான குழப்பம் தெரிந்தது.

"அவரோட தங்கச்சிதானம்மா ஆராய்ச்சிக்குச் சம்மதம் கொடுத்தாங்க. குலுக்கல்ல முழிச்சிருக்கற பக்கம் விழுந்துச்சு. நீங்களும் போன்ல சரின்னு சொன்னதா சொன்னாங்களே?"

"எந்தப் போன்ல? எந்த வாயால?"

அவர் வாலுவைத் திரும்பிப் பார்த்தார். அவள் மருந்து ட்ராலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். டாக்டர் தணிந்த குரலில் சொன்னார்: "உங்களுக்கு வேண்டாம்னா இந்த நிமிஷமே நிறுத்திடறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேம்மா. நுரையீரல் இப்போ நல்லாத் தேறிட்டு வருது. திரும்பத் தூங்க வச்சா மெஷின எடுக்க இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம்."

"அவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன் டாக்டர். தூங்க வைங்க."

உடனே செய்தார்கள். ஆஸ்பத்திரி விதிப்படி என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாலு அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கண் மூடியது. அவள் வெளியே வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

"அண்ணன் பொழைக்கணும்னுதான் அண்ணி பண்ணேன்."

"அப்போ நான் என்ன, சாகணும்னா கேட்டேன்?"

டாக்டர் பயந்த அளவுக்குத் தாமதமாகவில்லை. சீக்கிரமே குழாயை எடுத்தார்கள், வீட்டுக்கும் அனுப்பினார்கள். அவருக்குப் பேச்சு காற்றாகத்தான் வந்தது. மனசு நோகிற மாதிரி எதையும் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் நானும் வாலுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரோ என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். கைத்தாங்கலாகப் பிடித்தால் நடப்பார். முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். ஆஸ்பத்திரி அலுப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வாலு எப்போது வருவாள் என்று பையனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள், கையில் ஆப்பிள் பையோடு. அவர் அவளைத் தன் பக்கத்திலேயே கட்டிலில் உட்கார வைத்துக்கொண்டார். நான் எதிரே நாற்காலியில்.

"வாலு முன்னாடியே சொல்லிடறேன்" என்று என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அன்றுதான் நேராகப் பார்த்தார். "எனக்கு உன் மேல ரொம்பக் கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. மன்னிச்சுட்டேன்."

"என்னை மன்னிச்சீங்களா? எதுக்கு?"

"முழிச்சுப் பாத்தா கையக் கட்டியிருக்கு. நான் துள்ளினேன். குழாயப் புடுங்கப் பாத்தேன். அப்ப இவதான் காதுல வந்து சொன்னா, 'அண்ணிதான் இதுக்கு ஒத்துக்கிட்டாங்க அண்ணா, அவங்களுக்காகப் பொறுத்துக்கோ'ன்னு. நீயா, நீயான்னு நெனச்சேன். உன்கிட்டதானே சொல்லிட்டுப் படுத்தேன்? அப்புறம், நீ சொல்லியிருந்தா ஏதாவது காரணம் இருக்கும்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். பல்லக் கடிக்கக்கூட முடியல, நடுவுல குழாய்." அவரே லேசாகச் சிரித்தார். "கடைசியில இவதான் டாக்டர்கிட்டப் பேசி என்னைத் தூங்க வச்சா. கண்ண மூடற வரைக்கும் இவ மூஞ்சிதான் தெரிஞ்சுது."

என்னைக் கேட்காமல் சேர்த்தாள், சரி. உள்ளே விடாமல் தடுத்தாள், அதுகூடச் சரி. அவர் உயிர் துடித்துக் கிடந்த நேரத்தில், கட்டி வைத்தது நான் என்று அவர் காதில் சொல்லியிருக்கிறாள். அவர் கழுத்துக்குக் கத்தி வைத்துவிட்டு, பிடி என் கையில் இருப்பதாகக் காட்டியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் வேண்டாம் என்றது, தொற்று என்று அவள் பொய் சொன்னது, டாக்டரை நிறுத்தச் சொன்னது நான்தான் என்பது, ஒன்று விடாமல். குரல் தானாக ஏறிவிட்டது. அவர் முகம் சுருங்கியது.

"இப்ப எதுக்கு அவ மேல பழி போடற? நான்தான் மன்னிச்சுட்டேன்னு சொல்றேன்ல?"

"நான் சொன்னா நம்ப வேணாம். அவளக் கேளுங்க. சொல்லுடி! என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

வாலு என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் கை அவள் முழங்கால் மேல் இருந்தது. அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"அந்த நேரத்துல எல்லாருமே கொழப்பத்துல இருந்தோம் அண்ணா" என்றாள். "யார் என்ன சொன்னோம்னு இப்ப எனக்கே சரியா ஞாபகம் இல்ல. அண்ணி மேலயும் தப்பு சொல்ல முடியாது."

அண்ணி மேலயும்! எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

அவள் கிளம்பியபோது மாடிப்படிவரை பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

அவள் அழுதாள். பொய்யழுகை இல்லை, அவளை எனக்குத் தெரியும். "உங்க பேரச் சொன்னாத்தான் அடங்கினார் அண்ணி. வேற யார் சொல்லியும் கேக்கல. இப்ப உண்மையச் சொன்னா என்னை வெறுத்துடுவார். நீங்க பொண்டாட்டி. எவ்ளோ கோவம் வந்தாலும் உங்களோடதான் இருக்கப் போறார். எனக்கு அவர விட்டா யார் இருக்கா?"

"அப்ப நான் யாருடி உனக்கு?"

அவள் கையை உருவிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

உள்ளே வந்தேன். அவர் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், உன்னால அழுதுக்கிட்டே போறா" என்றார்.

அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில்கூட அழாத நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் ஊசி ஏற்றிக் கறுத்துப்போன கையால் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"சரி, விடு" என்றார். "இப்பவாவது உன் தப்ப ஒத்துக்கிட்டியே."