இரண்டு திரைக்கு நடுவே

கடைத்தெருவில் அவனுக்குச் சத்தியம் என்று பட்டப்பெயர். மிக்சி விற்றாலும் டார்ச் விற்றாலும் தொண்டையைத் தொட்டு, "சத்தியமா சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பான். அக்கா வீட்டுக்காரரின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பதினாறு வருஷமாக வியாபாரம் அவன் வாயில்தான் ஓடியது. அப்பேர்ப்பட்ட ஆள் பன்னிரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காமல் திரிந்தான்.

எல்லாம் அந்தப் புது டிஸ்க்கால் வந்தது. ஒரு கம்பெனி, படம் பார்க்கப் புதுசாக ஒரு வட்டு கொண்டுவந்திருந்தது. அதை ஓட்டும் பிளேயர் யானை விலை, எவனும் சீந்தவில்லை. கம்பெனிக்காரன் லேசுப்பட்டவனா? பிள்ளைகள் விளையாடும் கேம் பெட்டிக்குள்ளேயே அந்த வட்டை ஓட வைத்து, கூடவே ஐந்து படத்தை இலவசமாகத் தலையில் கட்டினான். பிள்ளை கேட்டது என்று அப்பன் வாங்குவான். வாங்கிய பிறகு அப்பன் விடமாட்டான். கணக்கு அதுதான்.

கடை வாசலில் ஒரே அளவில் இரண்டு டிவி வைத்தார்கள். இடதில் பழைய டிஸ்க், வலதில் கேம் பெட்டியில் ஓடும் புது டிஸ்க். இரண்டிலும் ஒரே காட்சி: மழையில் நனையும் ஒரு கிழட்டுப் படகுக்காரன் முகம். நடுவில் நின்று வித்தியாசத்தைக் காட்டுவது சத்தியத்தின் வேலை.

அவன் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

முதல் நாள் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் பயம் பிடித்தது. ஏனென்றால், "இங்க மூஞ்சி தெரியுது, அங்க மூஞ்சியில இருக்கற முடி தெரியுது பாருங்க" என்று அவன் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மாமாவுக்குத் தெரிந்தது. அடுத்த தெருப் பல் டாக்டருக்குத் தெரிந்தது. தெரிந்து பெட்டியை வாங்கியும் போனார். ஊர்க் கண்ணுக்கெல்லாம் தெரிவது தன் ஒருவன் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், அதற்கு என்ன அர்த்தம்?

அர்த்தம் அவனுக்குத் தெரியும். ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு ஓட்டல் சிப்பந்திகளுக்கு என்று கறுப்புத் துணி வெட்டினார். பாதிப் பேருக்குக் கருநீலத்தில் கால்சட்டை வந்தது. ஊரே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டே வருஷத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். சத்தியத்துக்குப் போன மாதம்தான் நாற்பத்திரண்டு முடிந்தது.

ஆள் இல்லாத நேரத்தில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடைப் போர்டைப் படித்துப் பார்த்தான். அடியில் இருந்த போன் நம்பர்வரை படிக்க முடிந்தது. ஆனால் அப்பாவும் கண் போகும்வரை போர்டு படித்தவர்தான். அந்த ஞாபகம் வந்ததும் பொத்திய கையை எடுத்துவிட்டான். டாக்டரிடம் போக மட்டும் கால் வரவில்லை, போனால் சொல்லிவிடுவாரே.

பதின்மூன்றாம் நாள் காலை, விற்பனை எப்படிப் போகிறது என்று பார்க்கக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தாள். பல் டாக்டரும் இன்னொரு படம் வாங்க வந்து நின்றார். மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, எங்க மாப்ள பேச ஆரம்பிச்சா கல்லும் பர்ஸைத் திறக்கும் என்று அளந்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்துக் காட்சியை நிறுத்தினாள்.

"முகம் வேண்டாம். பின்னாடி கயிறு தொங்குது பாருங்க. அதுல எத்தனை முறுக்கு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

வலது டிவியில் கயிறு இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. முறுக்கு ஒன்றுகூட இல்லை. ஏழு என்று அடித்துவிடலாம். வாய் அதற்குப் பழகியதுதான். ஆனால் அப்பாவும் கருநீலத்தைக் கறுப்பு என்று கூசாமல் சொன்னவர்தானே. தொண்டைக்குப் போன கை பாதியிலேயே நின்றது.

"தெரியல மேடம்," என்றான். குரல் யாருடையதோ போல வந்தது. "பதிமூணு நாளா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. என் கண்ணு போயிடுச்சு."

மாமா முகத்தில் ஈயாடவில்லை. "விளையாடுறான் மேடம். எனக்கு நல்லாத் தெரியுது. டாக்டரே, உங்களுக்கு?"

"பளிச்சுன்னு தெரியுது," என்றார் பல் டாக்டர்.

அதிகாரி மூவரையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்து வலது டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கையில் சிக்கிய மஞ்சள் ஒயரை வெளியே இழுத்துக் காட்டினாள். பெட்டியோடு சும்மா வரும் பழைய காலத்து ஒயர். புதுப் படத்தையும் பழைய படமாக்கித்தான் அது டிவிக்குக் கொடுக்கும். தெளிவாகக் காட்டும் ஒயர் தனி விலையில், சீல் பிரிக்காத பாக்கெட்டில், சுவரில் வரிசையாகத் தொங்கியது. விற்கக்கூடிய பாக்கெட்டைக் கடைக்கென்று பிரிப்பது மாமாவின் பரம்பரையிலேயே கிடையாது.

அவள் ஒன்றை எடுத்துப் பல்லால் கிழித்தாள். மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சத்தியம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒயரை மாற்றியும் தெரியாவிட்டால் சாக்குச் சொல்லக்கூட ஒன்றும் மிச்சமில்லை. கல்லாமேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தொறங்க சார்."

திறந்தான். கயிற்றில் முறுக்குகள் இருந்தன. பதினொன்று. மேலிருந்து ஐந்தாவதில் ஒரு நூல் பிரிந்து நின்றது. படகுக்காரன் புருவத்தில் ஒரு வெள்ளை முடி, அதன் நுனியில் விழப்போகும் ஒரு துளி.

பல் டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். வீட்டில் தானும் அந்த மஞ்சள் ஒயரைத்தான் மாட்டியிருப்பதாக மெதுவாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது.

"அப்போ இத்தனை நாளா நான் வீட்ல என்னத்தய்யா பாத்தேன்?"

"நான் சொன்னதப் பாத்தீங்க டாக்டர்," என்றான் சத்தியம்.

மாமா அவன் காலை மிதித்தார். அவன் திரும்பவில்லை. மறுபடி ஓட ஆரம்பித்த படத்துக்கு அருகில் போய், கிழவன் முகத்தில் வழியும் மழையை ஒவ்வொரு துளியாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.