எங்க பூத்துல பார்ட்டி தோத்துடுத்து

வெறும் ஒம்பது ஓட்டு வித்தியாசம். நான் காலங்கார்த்தால எழுப்பிக் கூட்டிண்டு போய் ஓட்டுப் போட வெச்சது பதினோரு பேர். இந்தக் கணக்கை நான் மட்டுமா போட்டிருப்பேன்? பல்ட்டு-தாவும் போட்டிருப்பான். அதான் பயம்.

பல்ட்டு-தா யாருன்னா (தா-ன்னா பெங்காலில அண்ணா), கல்கத்தால, பெஹாலால எங்க தெரு க்ளப்புக்கு செக்ரட்டரி. பார்ட்டிக்காரன், இங்கே பார்ட்டின்னா ஆளுங்கட்சிதான். எங்க பூத்து அவன் பொறுப்பு. அதோட போச்சா? திங்கக்கிழமை அப்பாவுக்கு ஆபரேஷன். அப்பா ரத்தம் பி நெகட்டிவ். ஆஸ்பத்திரில ஸ்டாக் இல்ல, ஆளை நீங்களே கூட்டிண்டு வாங்கோன்னுட்டா. எங்களுக்குத் தெரிஞ்சு பி நெகட்டிவ் பல்ட்டு-தா ஒருத்தன்தான். "மாஷிமா, டென்ஷனே வேண்டாம், நான் இருக்கேன்"னு எலெக்‌ஷனுக்கு முன்னாடியே அம்மாகிட்ட சொல்லியிருந்தான். மாஷிமான்னா பெங்காலில மாமி மாதிரி.

எங்க பில்டிங்ல நாலு தமிழ் குடும்பம். யாரும் ஓட்டே போட மாட்டா. ஓட்டு அன்னிக்கு மத்தியானம் க்ளப் பசங்க மாடிப்படில நின்னு, "வெயில்ல வராதீங்க மாஷிமா, நாங்க பாத்துக்கறோம்"பா. நம்மவா என்னடான்னா, என்ன தங்கமான பசங்கன்னு காபி போட்டுக் குடுத்து அனுப்புவா! எதைப் பாத்துக்கறான்னு ஒருத்தராவது கேக்கணுமே. நம்ம ஓட்டையும் அவனே போட்டுடறான்!

எனக்கு இது முதல் ஓட்டு. தலைகால் புரியல. வீடு வீடா ஏறி இறங்கினேன். வத்சலா மாமி "முட்டி வலிடி ரோஹிணி"ன்னா. ரிக்‌ஷா பிடிச்சேன். குருமூர்த்தி மாமா, "யார் ஜெயிச்சா எனக்கென்ன, அடுத்த வருஷம் எனக்கு ட்ரான்ஸ்ஃபர்"னார்.

"அதுவரைக்கும் உங்க ஓட்டை வேற யாராவது போடட்டுமா மாமா?"

மனுஷர் சட்டையை மாட்டிண்டு வந்துட்டார்.

பூத்துக்கு கொஞ்சம் தள்ளி பெஞ்ச் போட்டு பல்ட்டு-தா உக்காந்திருந்தான். எங்களை வரிசையா பாத்ததும் டீ குடிக்கறதை நிறுத்திட்டான். "என்ன ரோஹிணி, துர்கா பூஜைக்கா எல்லாரும்?"னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். லூசு நான்.

முன்னாடியெல்லாம் பேப்பர், எல்லா பூத்து ஓட்டையும் கலந்து எண்ணுவா. இந்த தடவை மெஷின். எந்த பூத்துல யாருக்கு எத்தனைன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுடறது. இது எனக்கு ரிசல்ட் அன்னிக்குத்தான் உறைச்சுது.

"ஆபரேஷனை வெச்சுண்டு உனக்கு ஏண்டி இந்த வேலை?"ன்னு அம்மா பிடிபிடின்னு பிடிச்சுண்டா. அப்பறம் அவளே ப்ளான் போட்டா. "கேட்டா உங்க பார்ட்டிக்குத்தான் போட்டோம்னு சொல்லிடணும். எல்லாரும். எங்க, சொல்லு பாப்போம்."

கட்டில்லேர்ந்து அப்பா, "காமு, எனக்கு எந்த பட்டனை அமுக்கினேன்னே மறந்து போச்சு"ன்னார். அம்மா முறைச்ச முறைப்புல போர்வைக்குள்ள போயிட்டார்.

அன்னிலேர்ந்து பல்ட்டு-தாவைக் காணும். க்ளப்புக்கு போன் பண்ணினா மீட்டிங், மீட்டிங். ஞாயித்துக்கிழமை காலைல டாலிகஞ்ச் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடுக்கறதா பேச்சு. நானும் அம்மாவும் வாசல்லயே நின்னோம். ஆட்டோ வரும், எட்டிப் பாப்போம், வேற யாரோ இறங்குவா. 

மத்தியானம் வந்தான். சவரம் பண்ணல, கண்ணெல்லாம் சிவப்பு. நேரா போய்ப் படுத்துண்டான். ஊசி ஏறி, பையில ரத்தம் இறங்க ஆரம்பிச்சப்பறம் மேல ஃபேனைப் பாத்துண்டே கேட்டான்.

"மாஷிமா, நேராவே கேக்கறேன். நீங்க யாருக்குப் போட்டீங்க?"

 கையை உதறிண்டு எழுந்து போயிட்டான்னா? சொல்லிடும்மா, உங்க பார்ட்டிக்குத்தான்னு சொல்லித் தொலையேன்!

அம்மா வாயைத் தொறந்தா, மூடினா. அப்பறம் அவளோட அரைகுறை பெங்காலில, "பல்ட்டு, எங்காத்துக்காரருக்கு நீ ரத்தம் குடுத்துண்டிருக்கே. இப்போ உங்கிட்ட எனக்கு பொய் வராது. கேக்காதே"ன்னா.

கேக்காதேன்னாலே பதில் தெரிஞ்சுடாதா?

"பார்ட்டி ஆபீஸ்ல என்னைக் கிழிக்கறாங்க மாஷிமா"ன்னான். "உன் கையில இருந்த ஓட்டு எப்படிடா போச்சுன்னு கேக்கறாங்க. அவங்களே வந்து போட்டுட்டாங்கன்னு சொன்னா சிரிக்கறாங்க."

 நர்ஸ் வந்து, "கையை மூடி மூடித் தொறங்க"ன்னா. நான் அவன் விரலையே பாத்துண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அசையவே இல்ல. அப்பறம் மூடினான். தொறந்தான். திரும்ப மூடினான்.

பை ரொம்பித்து. பிஸ்கட்டும் வேண்டாம்னுட்டான், ஜூஸும் வேண்டாம்னுட்டான். பஞ்சைக் கையில அமுக்கிண்டே செருப்பை மாட்டிண்டான். "பல்ட்டு"ன்னு அம்மா கூப்ட்டா. திரும்பிப் பாக்கல.

அப்பாவுக்கு ரத்தம் கெடச்சுடுத்து. ஆனா க்ளப் இருக்கற அதே தெருவுக்குத் திரும்பிப் போகணுமே. ஆட்டோவுல அம்மா என் கையைப் பிடிச்சுண்டே வந்தா, விடவே இல்ல.