எட்டு இருபத்தேழு

கோர்ட்டுக்குப் போகிற எல்லோரும் எதிராளி கொண்டுவரும் காகிதத்துக்குத்தான் பயப்படுவார்கள். சின்னத்தாயைக் கவிழ்த்தது அவளே கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த காகிதம்.

அதற்காக அவள் பனியன் கம்பெனி ஆபீசுக்கு ஐந்து தடவை வீணாக நடந்தாள். போய்வர சைக்கிள் கிடையாது. அது முன்சக்கரம் வளைந்து, போலீஸ் ஸ்டேஷன் சுவரோரம் துருவேறிக்கொண்டிருந்தது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து புருசன் முனீசோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்து, அந்தக் கம்பெனியில் பதினோரு வருடம் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள். உட்கார்ந்தாள் என்று சொல்ல அவளிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பனியன் தைக்கிறவர்களுக்கு யார் சீட்டுக் கொடுக்கிறார்கள்?

“வேலை பாத்ததுக்கு அத்தாட்சி வேணுமுங்க. இல்லீன்னா சும்மா ஊட்டுல இருந்த பொம்பளைன்னு எழுதிப்போடுவாங்க” என்றார் வக்கீல் மகுடேஸ்வரன். வீட்டில் இருக்கிற பொம்பளை சும்மா இருக்கிறாள் என்று கண்டுபிடித்த மகராசன் யாரோ, அவன் ஒரு நாள் வீட்டில் இருந்து பார்த்திருக்க மாட்டான்.

ஆறாவது தடவை போனபோது ஆபீசில் மனது வைத்தார்கள். மூன்று மாத வருகைப் பதிவு, பக்கத்துக்குப் பக்கம் வட்ட முத்திரை. சின்னத்தாய் அதை ஒரு புது பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிள்ளையைத் தூக்கிவருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வக்கீல் அதை நஷ்டஈட்டு மனுவோடு சேர்த்துக் கோர்ட்டில் போட்டார். அதில் இருந்த ஒரு வரியை அவளும் பார்க்கவில்லை, சட்டம் படித்த அவரும் பார்க்கவில்லை. பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீலம்மா.

விபத்து நடந்த அந்த வியாழக்கிழமைக்கு நேராக, உள்ளே வந்த நேரம் 8.27 என்று இருந்தது. வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலி.

அந்த வியாழக்கிழமை எட்டு இருபத்தேழுக்கு சின்னத்தாய் எங்கே இருந்தாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பல்லடம் ரோட்டில், தார் மேல், வலது முழங்கை அடியில் மடங்கிக் கிடக்க, பத்தடி தள்ளி உருண்டுபோன தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஓரமாகத்தான் போனாள். பின்னால் வந்த வெள்ளைக் கார் அவளைத் தாண்டி, சிக்னல்கூடப் போடாமல் சட்டென்று இடது பக்கம் ஒடித்து பேக்கரிக்குள் நுழைந்தது. பிரேக் பிடிக்கக்கூட நேரம் இல்லை, கார் முன்சக்கரத்தில் இடித்துத் தள்ளிவிட்டது. சுற்றிலும் கூட்டம் கூடியது. “சைக்கிள்ல வர்றவங்க பாத்து வரக் கூடாதா?” என்றுதான் முதல் குரல் கேட்டது. பஃப்ஸ் வாங்க அவசரமாக ஒடித்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கார்க்காரர் கெட்டவர் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே சீட்டு எழுதுகிறவர்களிடம் “கீழ விழுந்துட்டாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார், பொய்யும் இல்லை. மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, “போலீஸ் கேசெல்லாம் எதுக்குங்க, நம்ம பேசிக்கலாம். எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று முனீசின் கையைப் பிடித்துக்கொண்டார். முனீசும் நம்பினான். ஒன்பதாம் நாள் அவருடைய போன் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். பார்த்தவர்கள் ஐம்பது பேர் இருக்கும். சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது ஒருவரும் ஊரில் இல்லை.

முழங்கை கூடிவிட்டது. ஆனால் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. உள்ளே ஒரு நரம்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். ஓவர்லாக்கில் துணியைத் தள்ளிக்கொடுப்பது அந்தப் பக்கத்துக் கைதான். துணி எங்கே முடிகிறது, ஊசி எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல்தான் சொல்ல வேண்டும். சொல்லாத விரலோடு மிஷினில் உட்கார முடியாது. வேறு வேலை அவளுக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து இடது கையால் பிசிறு வெட்டினாள்.

மரத்துப்போனது விரல் மட்டும் இல்லை. முனீஸ் திட்டினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரி உச்சுக்கொட்டினாலும் சரி, அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சோறு ருசிக்கவில்லை, அழுகை வரவில்லை. ஒன்றரை வருடம் அப்படியே போனது.

இந்தக் கேஸ் ஒன்றுதான் மிச்சம் இருந்த பிடி. மகுடேஸ்வரன் முதல் நாளே சொல்லியிருந்தார்: “சைக்கிளுக்கு லைசென்சும் வேண்டாம், இன்சூரன்சும் வேண்டாமுங்க. இடிச்ச வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தாப் போதும், அவங்க குடுத்தே ஆவோணும். அந்த வண்டிதான் இடிச்சுதுன்னு மட்டும் நாம நிரூபிச்சாப் போதும்.”

அந்த ‘மட்டும்’ என்ற சொல்தான் இப்போது குறுக்கே படுத்துக்கொண்டது.

கூண்டில் நின்ற சின்னத்தாயிடம் இன்சூரன்ஸ் வக்கீலம்மா அதட்டவே இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள். இது உங்கள் கம்பெனி முத்திரைதானே? உங்கள் பெயர்தானே? எட்டு இருபதுக்கு ரோட்டில் விழுந்தவர் எட்டு இருபத்தேழுக்குக் கம்பெனிக்குள் எப்படி வந்தீர்கள்? உள்ளே வந்தது பதிவாகியிருக்கிறது, வெளியே போனது பதிவாகவில்லை. கம்பெனிக்குள் படியில் விழுந்து, அங்கிருந்து தூக்கிப்போனதால்தானே? ஆஸ்பத்திரிச் சீட்டிலும் கீழே விழுந்தார் என்றுதானே இருக்கிறது? உதவிக்கு ஏற்றிப்போன காரை ஒன்பது நாள் யோசித்து இடித்த காராக மாற்றிவிட்டீர்கள், அப்படித்தானே?

“இல்லீங்கம்மா” என்றாள் சின்னத்தாய். யாருக்கோ நடக்கிற கேஸை வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது.

வெளியே வந்ததும் மகுடேஸ்வரன் குதித்தார். “அந்த கார்டை யாருங்க போட்டது? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ?”

யார் போட்டது என்று அவள் யோசிக்கவே தேவையில்லை. அன்புசெல்வி.

கம்பெனி வாசலில் ஒரு மரச்சட்டத்தில் கார்டுகள் நம்பர் வரிசையில் சொருகியிருக்கும். எடுத்து மிஷினில் விட்டால் நேரம் பதிந்து வரும். எட்டரை தாண்டினால் அரை ஷிப்ட் போய்விடும். இடையில் விரல் ரேகை பார்க்கும் மிஷின் ஒன்றையும் மாட்டினார்கள். பஞ்சிலும் நூலிலும் தேய்ந்த விரல்களை அது யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டதால், பழையபடி கார்டே வந்தது. பக்கத்து மிஷின்காரிகள் இருவரும் ஆறு வருடமாக ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். யார் முதலில் வருகிறாளோ அவள் இரண்டு கார்டையும் போட்டுவிடுவாள். ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வரும் கம்பெனி வேன் பஞ்சரானால் அன்புசெல்வியின் கார்டை சின்னத்தாய் போடுவாள். ரயில்வே கேட் மூடியிருந்தால் சின்னத்தாயின் கார்டை அன்புசெல்வி போடுவாள். அதை இருவருமே தப்பு என்று நினைத்ததில்லை. அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான்.

“அந்தப் பொண்ணு வந்து, நான்தான் போட்டேன், இந்தம்மா அப்ப வரலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார், அவள் சொன்னதையெல்லாம் கேட்ட மகுடேஸ்வரன். “இல்லாட்டி அவங்க வீசறதை வாங்கிட்டு சமாதானமாப் போவோணும். அதுவும் இப்ப வீசுவாங்களோ என்னமோ. போய்க் கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாய் பஸ் ஏறிப் போனாள். அன்புசெல்வி வாசலுக்கே ஓடிவந்து, “வாங்க அக்கா” என்று இடது கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாராவாரம் வந்து தலை வாரிவிட்டவள். சுடச்சுட டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே கம்பெனிக் கதை சொன்னாள்.

“இப்ப ரொம்ப ஸ்ட்ரிக்டுங்க அக்கா. பனியன் வாங்கற பையர் ஆளுக ஆடிட்டுக்கு வர்றாங்களாமா. ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் போட்டா அன்னைக்கே வெளியேன்னு எழுதி ஒட்டிட்டாங்க. அடுத்த மாசம் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கறாங்களாம். நான் போயி சூப்பர்வைசர்! நீங்க இருந்திருந்தா சிரிச்சே செத்துருப்பீங்க.”

சின்னத்தாய் டீயைக் குடித்தாள். கேட்கத்தான் வந்தாள். வாய் திறக்கவில்லை. கேட்டால் இந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்கத் தெம்பில்லை. முடியாது என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யார் இருக்கிறார்கள்? டம்ளரை வைத்துவிட்டு, “சும்மாதான் பாக்க வந்தேன் செல்வி” என்று எழுந்தாள்.

திங்கட்கிழமை வக்கீல் கேட்டார். “போனீங்களா?”

“போனேன்யா.”

“வருவாங்களா?”

சின்னத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வக்கீலுக்கு ஆயிரம் கேஸ். மௌனத்துக்கெல்லாம் அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரம் ஏது?

“அப்ப சம்மன் போட்டுருவோம். சம்மன் வந்தா வந்துதான் ஆவோணும். ஊட்டு அட்ரஸ் வேண்டாமுங்க, பகல்ல பூட்டியிருக்கும், திரும்பி வந்துரும். கம்பெனி அட்ரஸ் சொல்லுங்க.”

சின்னத்தாய் கம்பெனி அட்ரஸைச் சொன்னாள். நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். சுண்டு விரல் காகிதத்தில் எங்கே நிற்கிறது என்று தெரியாததால் எழுத்து கோணலாக வந்தது.

அடுத்த வாய்தாவில் டவாலி பெயரைக் கூப்பிட்டதும் அன்புசெல்வி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். சின்னத்தாயின் பக்கம் திரும்பவில்லை. கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள். கார்டு போட்டது நான்தானுங்க. அந்த அக்கா அன்னைக்குக் கம்பெனிக்கு வரவே இல்லீங்க. அவங்க மிஷின் நாள் பூரா சும்மாதான் இருந்துச்சுங்க.

இன்சூரன்ஸ் வக்கீலம்மா இரண்டு மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டுப் பார்த்தாள். ஒரே பதில்தான் வந்தது.

நீதிபதியே கேட்டார். “வராத ஆளுக்கு எதுக்கும்மா கார்டு போட்டே?”

“வந்துருவாங்கன்னுதானுங்க ஐயா. மழையோ வெயிலோ, அந்த அக்கா வராம இருந்ததே இல்லீங்க. எப்படியும் எட்டரைக்குள்ள சைக்கிள் பெல் சத்தம் கேட்டுருமுங்க. அன்னைக்கும் டீ டைம் வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தனுங்க.”

நீதிபதி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு டைப் செய்கிறவரிடம் சொல்ல ஆரம்பித்தார். மகுடேஸ்வரன் திரும்பி சின்னத்தாயைப் பார்த்துத் தலையாட்டினார். கேஸ் நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

வெளியே ஜெராக்ஸ் கடை ஓரமாக அன்புசெல்வி நின்றிருந்தாள். காலடியில் ஒரு கட்டைப்பை. பைக்கு வெளியே அவளுடைய மிஷின் ஸ்டூலில் போட்டு உட்காரும் சின்னத் தலையணை எட்டிப்பார்த்தது. அதன் பூப்போட்ட உறையை மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்தது சின்னத்தாய்தான். கம்பெனியை விட்டு ஒரேயடியாக வருகிறவர்கள்தான் தலையணையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

“என்ன செல்வி இது?”

“கோர்ட்டு அமீனா வந்து சம்மனை ஆபீஸ்ல குடுத்துட்டாருங்க அக்கா. எச்.ஆர். பிரிச்சுப் படிச்சுட்டு, என்ன விசயம்னு கேட்டாரு. எனக்குப் பொய் சொல்ல வரலீங்க. கோர்ட்ல சொன்னதைத்தான் அங்கயும் சொன்னேன். நேத்தோட கணக்கு முடிச்சுட்டாங்க. இன்னைக்குக் காலைல போயி சாமானை எடுத்துட்டு நேரா இங்க வந்தனுங்க.”

“வீட்டு அட்ரஸ்னா திரும்பி வந்துரும்னு வக்கீலு சொன்னாரு…”

“ஊட்டுக்கே எதுக்குங்க சம்மன்?” அன்புசெல்வியின் குரல் உயரவில்லை. கோபத்திலும் அந்த ‘ங்க’ விட்டுப்போகவில்லை; அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “அன்னைக்கு ஊட்டுக்கு வந்தீங்கல்லோ? டீ குடிச்சீங்கல்லோ? செல்வி, கோர்ட்டுக்கு வந்து சொல்லுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, காய்ச்சல்னு லீவு போட்டுட்டு வந்து சொல்லியிருப்பனுங்களே. கம்பெனிக்கு ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“நீ வரமாட்டேன்னுட்டா என்ன பண்றதுன்னு…”

“நீங்க எப்படியும் வந்துருவீங்கன்னு நெனச்சு நான் கார்டைப் போட்டனுங்க அக்கா. நான் வரமாட்டேன்னு நெனச்சு நீங்க சம்மனை அனுப்பிட்டீங்க.”

ஒன்றரை வருடமாக எதுவும் உறைக்காத நெஞ்சில் அது போய் உறைத்தது. சின்னத்தாய்க்கு வலித்தது. அடிபட்ட அன்றுகூட இப்படி வலிக்கவில்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அன்புசெல்வி குனிந்து பையைத் தூக்கிக்கொண்டாள். தூக்கிய வேகத்தில் தலையணை நழுவப் பார்த்தது. சின்னத்தாய் வலது கையை நீட்டிப் பிடித்தாள். மூன்று விரலுக்குத் துணி தெரிந்தது, இரண்டு விரலுக்குத் தெரியவில்லை. அன்புசெல்வி அதை வாங்கிப் பைக்குள் அழுத்தி வைத்தாள்.

ஊத்துக்குளி பஸ் வந்து நின்றது.

“போயிட்டு வர்றனுங்க அக்கா” என்றாள் அன்புசெல்வி. எப்போதும் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

பஸ் போன பிறகும் சின்னத்தாய் அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து வக்கீல் கூப்பிடுவது காதில் விழுந்தது. போயிட்டு வர்றேன் என்றுதானே சொன்னாள், வருவாள் என்று ஒரு தடவையாவது நம்பிப் பார்க்க நினைத்தாள். முடியவில்லை.